இலை உதிர்ந்த கொட்டி

முசிறியில் தவமணி அம்மா என்று ஒருவர் இருந்தார். ஆற்றுக்குப் போகும் வழியில், தெருக்கோடியில் ஓட்டு வீடு. பல வருஷம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, ஒரு நாள் வேலையை விட்டு வீட்டோடு இருந்துகொண்டவர். வயது ஐம்பதைத் தொடவில்லை. சாயங்காலம் கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். விரும்புகிறவர்கள் வந்து கூட உட்காரலாம். மந்திரம் கிடையாது. பிரசங்கம் கிடையாது. யாராவது கேட்டால் பதில் சொல்வார். சில சமயம் அதுவும் சொல்ல மாட்டார்.

மருதப்பன் அந்த வீட்டுக்கு முதல் தடவை வந்தது கிணற்று மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போக. அவருக்குக் கடைவீதியில் காயில் கட்டும் பட்டறை. எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, கருகின கம்பியை அறுத்து எறிந்து, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். மோட்டாரைத் திருப்பி மாட்ட வந்த அன்று கூடத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கையைக் கழுவிவிட்டு அவரும் ஓரமாக உட்கார்ந்தார். அன்றிலிருந்து வந்துகொண்டிருந்தார். அவர் அறுபதைத் தாண்டியவர். இருந்தும் அவருக்குத் தவமணி 'அம்மா'. தவமணிக்கு அவர் 'ஐயா'.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் மருதப்பனின் மகன் பரணி காய்ச்சலில் இறந்துபோனான். ஒரே பிள்ளை. இருபத்தைந்து வயது. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காரியம் முடிந்த மறுநாளே மருதப்பன் பட்டறையைத் திறந்தார். பார்த்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். சிலர் தைரியசாலி என்றார்கள். அவர் யார் பேச்சையும் காதில் வாங்கவில்லை. தேங்கிக் கிடந்த வேலையை எல்லாம் முடித்தார். முடிந்ததும் வீட்டுக் கூரையில் ஒழுகின இடத்தைப் பூசினார். பரணியின் வண்டியைத் துடைத்து, தங்கை மகனுக்குக் கொடுத்தார். பரணியின் சட்டைகளை மடித்து அநாதை ஆசிரமத்துக்கு அனுப்பினார். ஒரு வேலை முடியும் முன்பே அடுத்த வேலையை எடுத்தார்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் தவமணி அம்மாவிடம் வந்தார். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க ஐயா."

"என் சம்சாரம் பேச மாட்டேங்குறா. பரணி போனதிலேருந்து ஒரு வார்த்தை இல்ல. சமைக்கிறா, சாப்பிடுறா. மிச்ச நேரம் அவன் ரூம்லயே உக்காந்திருக்கா."

"ரூம்ல என்ன இருக்கு?"

"ஒரு மீன் தொட்டி. பய ஆசைப்பட்டு வச்சது. கப்பி மீனு கொஞ்சம் கெடக்கு. நடுவுல ஒரு செடி. கொட்டின்னு சொல்வாங்களே, குளத்துல முளைக்குமே, அந்தச் செடி. அதைப் பாத்துக்கிட்டே இருக்கா."

"நீங்க கூட உக்காந்து பாத்தீங்களா?"

"எனக்கு ஏதும்மா நேரம்?"

தவமணி அம்மா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார்.

"அவளைப் பேச வைக்க ஏதாவது வழி சொல்லுங்கம்மா."

"அவங்க பேசாம இருக்கிறது யாருக்கு வலிக்குது?"

மருதப்பன் யோசித்தார். "எனக்குத்தான்."

"அப்போ உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"எனக்கென்னம்மா. நான் நல்லா இருக்கேன்."

தவமணி அம்மா தலையை ஆட்டினார். அவர் அதை ஏற்றுக்கொண்டாரா இல்லையா என்று மருதப்பனுக்குத் தெரியவில்லை. கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

அந்தச் செடியைப் பரணி கிழங்காகத்தான் வாங்கி வந்தான். திருச்சியில் வளர்ப்பு மீன் விற்கிற கடையில் அதைப் பல்புச் செடி என்றார்கள். பார்க்கச் சின்னக் கருணைக்கிழங்குத் துண்டு போல இருந்தது. அவன் ஆற்று மணலைக் கழுவிக் கழுவித் தொட்டியில் நிரப்பினான். கிழங்கின் அடிப்பாதியை மட்டும் மணலுக்குள் செருகி, தலையை வெளியே விட்டான். அதற்கு மேல் அவன் ஒன்றும் செய்யவில்லை. உரம் போடவில்லை. விளக்குகூடச் சாதாரண விளக்குதான். சில வாரத்தில் இலைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. நாடா போல நீளமாக, ஓரம் நெளிந்து, வெளிச்சம் பட்டால் அந்தப் பக்கம் தெரிகிற பச்சை. ஒரு தடவை தண்ணீருக்கு மேலே தண்டு நீட்டி வெள்ளையாகப் பூவும் விட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான். அப்பா பட்டறையில் இருந்தார்.

மாசி பிறந்ததும் செடி வாடத் தொடங்கியது.

முதலில் ஓர் இலை நுனியில் பழுத்தது. பிறகு சல்லடை போல ஓட்டை விழுந்து கரைந்தது. அடுத்த இலை. அதற்கடுத்த இலை. வெயில் ஏற ஏற, புது இலை வருவது நின்றே போனது.

மருதப்பன் பார்த்துவிட்டுப் பதறினார். மனைவி அஞ்சுகத்துக்கு இருந்த ஒரே பிடிப்பு அதுதான் என்று அவர் நினைத்தார். விளக்கை மாற்றினார். உர மாத்திரை வாங்கி வந்து மணலில் புதைத்தார். தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டார். கிழங்குக்குப் பிடிமானம் போதவில்லை என்று தோன்றியது. விரலால் அழுத்தி மணலுக்குள் முழுக்கப் புதைத்தார். அஞ்சுகம் கட்டிலில் உட்கார்ந்து அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்வதற்கு வாய் திறந்தாள். அதற்குள் அவர் கையைத் துடைத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார்.

செடி இன்னும் வேகமாகப் போனது.

"நீங்க ஒரு தடவை வீட்டுக்கு வரணும்மா" என்று தவமணி அம்மாவிடம் வந்து நின்றார். "செடியும் போகுது. செடி போனா அவளும் போயிருவா."

தவமணி அம்மா யார் வீட்டுக்கும் போவதில்லை. அன்று செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடந்து வந்தார்.

பரணியின் அறையில் அஞ்சுகம் கட்டிலில் இருந்தாள். தவமணி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் தொட்டியைப் பார்த்தார்கள். தொட்டிக்குக் காற்று விடுகிற மோட்டாரின் சத்தம் மட்டும் கேட்டது. மருதப்பன் வாசற்படியில் நின்றார். காபி போடச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்கு ஆள் அனுப்பினார். காபி வந்தது. ஆறியது. வெயில் சன்னலைவிட்டு இறங்கியது.

தவமணி அம்மா எழுந்து தொட்டிக்குள் கைவிட்டார். கிழங்கைச் சுற்றி மணலை விலக்கி, அதன் தலையை மட்டும் வெளியே எடுத்துவிட்டார். அஞ்சுகம் அதைப் பார்த்தாள். ஈரக் கையைத் துடைக்கத் தன் முந்தானையை நீட்டினாள்.

வாசலில் மருதப்பன் ஆற்றாமையோடு கேட்டார்.

"அவகிட்ட ஒண்ணுமே சொல்லலையேம்மா."

"அவங்க ஒண்ணும் கேக்கலையே ஐயா."

"சரி, செடிக்காவது என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"இனிமே அதுல கை வைக்காதீங்க."

"கை வைக்கலைன்னா செத்துப்போகுமே."

"கை வச்சீங்களே, என்ன ஆச்சு?"

மருதப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா நடந்து தெருவைத் திரும்பும்வரை அங்கேயே நின்றார்.

சொன்னபடி கொஞ்ச நாள் கை வைக்காமல் இருந்தார். அது அவருக்குச் சுலபமாக இல்லை. பங்குனியில் கடைசி இலையும் கரைந்தது. தொட்டியின் நடுவில் மணலும் ஒரு கறுத்த முண்டும் மட்டும் இருந்தன. அஞ்சுகம் முன்பு போலவே அதன் எதிரில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றுமே இல்லாத இடத்தை அவள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தது அவரால் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் காலையில் பட்டறையைத் திறக்காமல் திருச்சிக்குப் பஸ் ஏறினார். கடை கடையாக ஏறி இறங்கி அதே ஜாதிச் செடியைத் தேடிப் பிடித்தார். இலை இலையாகச் செழித்த செடி. தண்ணீர் நிரப்பின பையில் அதை மடியில் வைத்துக்கொண்டு, வெயில் படாமல் துண்டால் மூடி, வீடு வந்து சேர்ந்தார். அஞ்சுகம் கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தாள். அவசரமாகப் பழைய கிழங்கைப் பிடுங்கினார். அது இருந்த இடத்தில் புதுச் செடியை நட்டார். கிழங்கைக் கொண்டுபோய், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் வாழையடியில் வீசினார்.

தலையைத் துவட்டிக்கொண்டே அஞ்சுகம் அறைக்குள் வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். துண்டு கையிலேயே நின்றது.

"இது பரணி வச்சது இல்ல" என்றாள்.

ஐந்தாறு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டதும் மருதப்பன் சந்தோஷத்தில் முன்னால் வந்தார்.

"அஞ்சுகம்! பேசிட்டியே!"

"அது எங்க?"

"அது செத்துப்போச்சும்மா. இது புதுசு. அதே ஜாதிதான். பாரு, எவ்வளவு தழைச்சிருக்கு. அதைவிட நல்லா இருக்கு."

அஞ்சுகம் அவருடைய முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. சத்தம் போடவில்லை. கட்டிலில் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. தண்ணீர் கொடுத்தால் கையால் விலக்கினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்து சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மருதப்பன் டாக்டரைக் கூட்டி வந்தார். அவர் ஊசி போட்டுவிட்டு, மனசை யாராவது திருப்பணும் என்று சொல்லிப் போனார்.

மருதப்பன் தவமணி அம்மா வீட்டுக்கு ஓடினார். மதியம். யாரும் வராத நேரம். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மருதப்பன் நடந்ததை எல்லாம் நின்றபடியே சொல்லி முடித்தார்.

"நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா செஞ்சேன். மோட்டார்ல காயில் எரிஞ்சுபோனா என்ன செய்யறோம்? அறுத்துப் போட்டுட்டுப் புதுசு சுத்துறோம். ஓடுது. வேற எனக்கு என்ன தெரியும்?"

முறம் நின்றது.

"கிழங்கு எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன். வாழையடியில."

"எடுத்துட்டு வாங்க."

"அது செத்துப்போச்சும்மா."

"பாத்தீங்களா?"

"ஒரு இலைகூட இல்லையே."

"நான் இலையைக் கேக்கலை. கிழங்கைப் பாத்தீங்களா?"

மருதப்பன் திரும்பி நடந்தார்.

வாழையடி சேறாகக் கிடந்தது. கழுவிக் கொட்டின சோற்றுப் பருக்கையும் காய்த் தோலும் அதில் ஊறிக்கொண்டிருந்தன. அவர் வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கையாலும் துழாவினார். கல் வந்தது. ஓட்டாஞ்சில்லு வந்தது. தேங்காய்ச் சிரட்டை வந்தது. சேற்றைப் பிசைந்து பிசைந்து வெளியே அள்ளிப் போட்டார். கோழி கிளறியிருக்குமோ, எலி இழுத்திருக்குமோ என்று நினைத்தபோது இன்னும் வேகமாகத் துழாவினார். ஒரு கிழங்குக்காக இப்படிப் பதறுவோமா என்று அவருக்கே வியப்பாக இருந்தது.

வாழைக் கன்றின் வேருக்கு அடியில் அது கிடைத்தது.

கழுவக்கூட இல்லை. அப்படியே சேற்றோடு துண்டில் முடிந்து எடுத்து வந்து அம்மாவின் முன்னால் வைத்தார்.

"அமுக்கிப் பாருங்க" என்றார் தவமணி அம்மா.

கட்டைவிரலால் அமுக்கினார். பட்டறைக்காரரின் விரல். பலமாகவே அமுக்கினார்.

"கல்லு மாதிரி இருக்கும்மா."

"அழுகினது அமுங்கும்."

"அப்போ..."

"கோடையில குளம் வத்துனா கொட்டி எங்க போகுது?"

"சேத்துக்குள்ள கெடக்கும். மழைக்கு வரும்."

"அந்தப் புத்தி தொட்டிக்குள்ள வந்தாலும் அதுக்குப் போகாது."

மருதப்பன் கிழங்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு அதை அம்மாவின் பக்கம் நீட்டினார்.

"நீங்களே வச்சுக் காப்பாத்திக் குடுங்கம்மா. என் கை ஆகாது."

அம்மா கையை நீட்டவில்லை.

"இது யாருது?"

"பரணியோடது."

"இப்போ?"

அவருக்குப் பதில் தெரிந்திருந்தது. கிழங்கை மறுபடி துண்டில் முடிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அஞ்சுகம் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். மருதப்பன் கட்டிலின் கீழே தரையில் உட்கார்ந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் முன்னால் அவர் தரையில் உட்கார்ந்ததில்லை.

"அஞ்சுகம். தேடி எடுத்துட்டு வந்துட்டேன்."

அசைவில்லை.

"சாகலை. சாகாததைத் தூக்கிப் போட்டுட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேக்காம போட்டுட்டேன். தப்புதான்."

அவள் மெல்லத் திரும்பினாள். கையை நீட்டினாள். அவர் கிழங்கை அந்தக் கையில் வைத்தார். அவள் அதைச் சேலையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகுதான் அழுதாள். வாய்விட்டு, தெருவுக்குக் கேட்கிற மாதிரி அழுதாள். பக்கத்து வீட்டுக்காரி பயந்துபோய் ஓடி வந்தாள். மருதப்பன் கையால் வேண்டாம் என்று காட்டித் திருப்பி அனுப்பினார்.

அழுகை ஓய்ந்ததும் அஞ்சுகம் எழுந்து தொட்டியண்டை போனாள். புதுச் செடியைப் பிடுங்கினாள். வெளியே எறிவாள் என்று அவர் நினைத்தார். அவள் அதைத் தொட்டியின் மூலையில் நட்டாள்.

"அது என்ன பாவம் பண்ணுச்சு" என்றாள்.

நடுவில், பழைய இடத்தில், கிழங்கைப் பாதி செருகித் தலையை வெளியே விட்டாள்.

"ஏதாவது சாப்பிடு" என்றார் மருதப்பன்.

"கஞ்சி வைங்க. உப்பு போட்டு."

அவர் கஞ்சி வைத்தார். அடிப்பிடித்திருந்தது. இரண்டு பேரும் அதையே குடித்தார்கள்.

மறுநாள் அம்மாவிடம் போய்க் கேட்டார்.

"திரும்பி வருமாம்மா?"

"தெரியாது ஐயா."

"எத்தனை நாள் ஆகும்?"

"அதுவும் தெரியாது."

"தெரியாம எப்படிம்மா காத்திருக்கிறது?"

"தெரிஞ்சா அதுக்குப் பேரு காத்திருக்கிறதா?"

சித்திரை வந்தது. கிழங்கு அப்படியே கிடந்தது. மருதப்பன் சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்ததும் நேராகத் தொட்டிக்குத்தான் போவார். விரல் துறுதுறுக்கும். ஒரு தடவை மெதுவாகத் தொட்டிக்குள் கையை இறக்கினார்.

"எடுக்காதீங்க" என்றாள் அஞ்சுகம்.

"வேர் விட்டிருக்கான்னு பாக்கலாம்னு..."

"எடுத்துப் பாத்தா விடாது. பரணி சொல்லியிருக்கான்."

மருதப்பன் கையை எடுத்துக்கொண்டார். தண்ணீர் முழங்கையில் சொட்டியது.

"பரணி சொன்னானா? எப்போ?"

"வாங்கிட்டு வந்தப்பவே. அம்மா, ஒரு காலத்துல இதோட இலையெல்லாம் போயிரும், பயந்துக்காத, தூக்கிப் போட்டுறாத, அது தூங்குது, அப்படியே விட்டுரு, தானே வரும்னான். நான் ஊர்ல இல்லன்னா நீதான் பாத்துக்கணும்னான்."

"அப்போ இலை போறப்போ உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"இத்தனை மாசமா அதைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தியா?"

அவள் தலையாட்டினாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீங்க நின்னாத்தானே சொல்றதுக்கு."

மருதப்பன் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வேறென்ன சொன்னான் என்று கேட்டார். அவள் சொன்னாள். பூ விட்ட அன்று அவன் துள்ளியதைச் சொன்னாள். அப்பாவுக்குக் காட்டணும் என்று சாயங்காலம்வரை காத்திருந்ததையும், அவர் வருவதற்குள் பூ தண்ணீரில் சாய்ந்துவிட்டதையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். விளக்கு போடுகிற நேரம் தாண்டியும் இரண்டு பேரும் எழவில்லை.

அதற்குப் பிறகு தினமும் கொஞ்சம் பேசினார்கள்.

வைகாசி போனது. ஆனியும் முடிகிற நேரம். ஆடிக்குச் சற்று முன்னால் காவிரியில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். ஊரே போய்ப் பார்த்தது. அந்த வாரம் ஒரு காலை அஞ்சுகம் அறையிலிருந்து அவரைக் கூப்பிட்டாள். பெயர் சொல்லாமல், "இங்க வாங்களேன்" என்று மட்டும்.

கிழங்கின் தலையில் கிளி மூக்கு போல வளைந்த ஒரு பச்சை முளை.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். கண்ணாடியில் இரண்டு பேருடைய மூச்சும் பட்டு மங்கியது. அவள் முந்தானையால் துடைத்தாள்.

பச்சை இலையாயிற்று. ஆவணியில் நாலைந்து இலை நின்றது. அஞ்சுகம் பக்கத்து வீட்டு வளைகாப்புக்குப் போய்ப் பாட்டுப் பாடிவிட்டு வந்தாள். தங்கை வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தாள். குழம்பில் பழையபடி காரம் ஏறியது. ஊரில் எல்லோரும் மருதப்பனிடம் வந்து, அஞ்சுகம் தேறிவிட்டாள், ரொம்ப சந்தோஷம் என்றார்கள். அவரும் ஆமாம் என்றார்.

புரட்டாசியில் ஒரு நாள் பட்டறையில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றின கணக்கு தவறிப்போனது. இத்தனை வருஷத்தில் அவருக்கு அப்படி நடந்ததில்லை. பிரித்துவிட்டு மறுபடி சுற்றினார். மறுபடி தவறியது. மோட்டாருக்குச் சொந்தக்காரர் எதிரில் நின்றுகொண்டிருந்தார். மருதப்பன் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, கையால் முகத்தை மூடிக்கொண்டார். ஏன் என்று அவருக்கே புரியவில்லை.

அடுத்த நாள் எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. கால் தரையில் ஊன்ற மறுத்தது. அதற்கு அடுத்த நாள் பிடிவாதமாக எழுந்து பட்டறைவரை போனார். ஷட்டரைப் பாதி தூக்கினார். உள்ளே இருட்டில் பரணி சின்ன வயதில் உட்கார்ந்து விளையாடின மூலை தெரிந்தது. ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு ஆற்றுப் பக்கம் நடந்தார். நடந்தவர் தவமணி அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

அம்மா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் செம்பைக் கீழே வைத்தார்.

"வாங்க ஐயா. உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"வீட்டுல எல்லாம் சரியாயிருச்சும்மா. செடி வந்துருச்சு. அஞ்சுகம் சிரிக்கிறா. இப்பப் போயி எனக்கு என்னமோ ஆகுது."

"என்ன ஆகுது?"

"கை ஓட மாட்டேங்குது. சோறு எறங்க மாட்டேங்குது. எதைத் தொட்டாலும் அவந்தான். ஒரு வருஷம் ஆகப்போகுது. அன்னைக்கே வந்திருக்கணும் இதெல்லாம். அன்னைக்கு மலை மாதிரி நின்னேன். இன்னைக்கு எல்லாரும் எழுந்திருக்கிற நேரத்துல நான் விழுறேன். நான் எதையாவது தப்பா செஞ்சுட்டேனா?"

"இல்ல."

"அப்போ என்ன செய்யணும்? சொல்லுங்கம்மா. எந்த வேலைன்னாலும் செய்யறேன்."

தவமணி அம்மா அவருடைய கைகளைப் பார்த்தார். வார்னிஷ் கறை ஏறிய பெரிய கைகள். மடியில் மல்லாந்து கிடந்தன. ஒரு விரலும் அசையவில்லை.

"வேலை ஒண்ணும் இல்ல ஐயா. பட்டறையைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போய்ப் படுங்க. இது உங்க முறை."

மருதப்பன் நிமிர்ந்தார்.

"எவ்வளவு நாள்னு தெரியாம படுத்துட்டா அவ பயந்துருவாளேம்மா."

"மாட்டாங்க" என்றார் தவமணி அம்மா. "அஞ்சுகத்துக்குக் காவல் இருக்கத் தெரியும்."